வெளிநாட்டார் எந்த வகுப்பானாலும் ரூபாய் ஒன்று

பெரிய அதிகாரத்தில் இருப்பவர்களைக் கண்டு நான் அவ்வளவாகப் பயப்படுவதில்லை. அவர்களுக்கு ஆயிரம் ஜோலி இருக்கும், நம்மைக் கவனிக்க நேரம் இருக்காது. சின்ன அதிகாரம் கையில் கிடைத்தவன்தான் ஆபத்தானவன். ஆஸ்பத்திரி வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பவர், ரேஷன் கடையில் எடை போடுகிறவர், கல்யாணப் பந்தியில் பாயசம் ஊற்றுகிறவர், இவர்களை எங்கே பார்த்தாலும் ஒரு கும்பிடு போட்டுவிடுவேன். நானும் ஒரு காலத்தில் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவன்தான். என் அதிகாரத்தின் அகலம் ஒரு சாண். உத்திரமேரூர் டூரிங் கொட்டகையில் டிக்கெட் கொடுக்கிற ஓட்டை அது.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. எஸ்.எஸ்.எல்.சி.யில் இரண்டாவது முயற்சியில் தேறியிருந்தேன் (முதல் முயற்சியைப் பற்றி யாரும் கேட்காதவரை நான் சொல்வதில்லை). அப்பா நான் பள்ளிக்கூடத்தில் இருக்கும்போதே போய்விட்டார். வீட்டில் அம்மாவும் நானும்தான். வேலை தேடிக் காஞ்சிபுரத்துக்கும் செங்கல்பட்டுக்கும் பஸ் ஏறி இறங்கி, சட்டைக் காலர் நைந்ததுதான் மிச்சம். கடைசியில் உள்ளூர்க் கொட்டகையிலேயே டிக்கெட் கிளார்க்காகப் போய் உட்கார்ந்தேன்.

கொட்டகை, பஸ் நிற்கிற இடத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்தது. மேலே கீற்று, கீழே மணல். தரை நாலணா, பெஞ்சு எட்டணா, நாற்காலி பன்னிரண்டணா. (புதுப் பைசா வந்து வருடக்கணக்கில் ஆகியிருந்தது. ஆனாலும் எங்கள் ஊரில் நாலணாவை நாலணா என்றுதான் சொன்னார்கள்.) என் அறை தகரத்தால் அடித்த ஒரு பெட்டி. அதில் கை நுழைகிற அளவுக்கு ஓர் ஓட்டை. உள்ளே இருந்து பார்த்தால் வருகிறவர்களின் கை மட்டும்தான் தெரியும். கையைப் பார்த்தே இது இன்ன ஊர்க் கை, இன்ன வேலை செய்கிற கை என்று சொல்லிவிடுவேன் எனப் பீற்றிக்கொண்டு திரிந்தேன். பாதி சரியாக இருக்கும். மீதிப் பாதியை யாரும் சரிபார்த்ததில்லை.

வாசலில் டிக்கெட்டைக் கிழித்து உள்ளே விடுவது சவரியப்பனின் வேலை. பகலில் கழனி வேலை, சாயங்காலம் கொட்டகை வேலை. என்னைவிடப் பதினைந்து வயதாவது மூத்தவர். நான் அவரை 'வா, போ' என்றுதான் கூப்பிட்டேன். அவர் என்னைத் 'தம்பி' என்பார். அப்போது அது எனக்கு உறுத்தவில்லை. அதையும் நான் சொல்லப்போகிற தப்புகளின் கணக்கிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஒருநாள் மாலை ஒரு வெள்ளைக்காரரும் அவர் மனைவியும் கொட்டகைக்கு வந்தார்கள். எங்கள் ஊர்க் கோயில் சுவரில், அந்தக் காலத்தில் குடத்தில் ஓலை போட்டு ஆள் தேர்ந்தெடுத்த கதை கல்வெட்டாக இருக்கிறது. அதைப் பார்க்க எப்போதாவது இப்படி யாராவது வருவார்கள். பார்த்துவிட்டு அடுத்த பஸ்ஸிலேயே போய்விடுவார்கள். இவர்களுக்கு ராத்தங்கல். பொழுது போகாமல் சினிமாவுக்கு வந்துவிட்டார்கள்.

ஓட்டை வழியாக ஒரு சிவந்த கை வந்தது. "ஹவ் மச்?" என்று ஒரு குரல்.

பன்னிரண்டணாவை இங்கிலீஷில் எப்படிச் சொல்வது? அணா செத்துப்போய்விட்டது. 'செவன்ட்டி ஃபைவ் பைசே' என்பது தலையில் இருந்தது, வாய்க்கு வரவில்லை. நாக்கு புரளாத அந்தத் தவிப்பில் எனக்குத் தெரிந்த ஒரே விலையைச் சொன்னேன்.

"ஒன் ருபீ."

அவர் இரண்டு ரூபாயை நீட்டி, 'தாங்க்யூ' என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அவ்வளவுதான். என் வாழ்க்கையில் நடந்த பெரிய அநியாயம் ஒன்று இப்படி இங்கிலீஷ் வராததால்தான் பிறந்தது.

மறுநாள் முதலாளி கணக்குப் பார்க்க வந்தபோது எட்டணா கூடுதலாக இருந்தது. பயந்துகொண்டே விஷயத்தைச் சொன்னேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"கோதண்டம், அவன் நம்மகிட்ட இருநூறு வருஷம் அடிச்சான். நீ அவங்கிட்ட எட்டணா அடிச்சிகீற. உன்ன என்னமோ நெனச்சேன். மூளைக்காரண்டா நீ."

அடுத்த வாரமே ஒரு பலகை வந்தது. எழுதியது நான்தான். என் கையெழுத்து நன்றாக இருக்கும் (அது ஒன்றுதான் நன்றாக இருந்தது). 'வெளிநாட்டார் எந்த வகுப்பானாலும் ரூ. 1' என்று எழுதி, ஓட்டைக்கு மேலே மாட்டினோம். முதலாளி என் ஸ்டூலை எடுத்துவிட்டு, முதுகு சாய்கிற நாற்காலி ஒன்றைப் போடச் சொன்னார். அதில் உட்கார்ந்த முதல் நாள், நான் கொஞ்சம் உயரமாகிவிட்டதுபோல் இருந்தது. ஓட்டை அதே இடத்தில் இருந்ததால் அன்று முழுக்கக் குனிந்து குனிந்து கழுத்து வலித்ததுதான் பலன்.

பலகை மாட்டிய பிறகு ஒரு வெளிநாட்டானும் வரவில்லை. ஒரு மாதம் போயிற்று, இரண்டு மாதம் போயிற்று. வேட்டைக்காரன் கண்ணி வைத்துவிட்டுக் காத்திருப்பதுபோல நான் காத்திருந்தேன். ஒருமுறை கம்பளி விற்கிற நேபாளக்காரர் ஒருவர் வந்தார். நான் ஆவலோடு ஒரு ரூபாய் கேட்டேன். சவரியப்பன் ஓடிவந்தார்.

"தம்பி, அவரு வருஷா வருஷம் வர்றவரு. டீக்கடையில பாக்கி வச்சிகீறாரு. பாக்கி வச்சிகீறவன் எப்டி வெளிநாட்டான் ஆவான்?"

அந்த நியாயத்துக்குக் கட்டுப்பட்டு நாலணாவுக்கே கொடுத்தேன். ஆனால் பசி அடங்கவில்லை. யாராவது சிக்க மாட்டார்களா என்றிருந்தது.

இனி என் மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மாவின் அண்ணன். பெயர் தேசிங்கு. சொந்த ஊர் பெருநகர். நான் பிறப்பதற்கு முன்பே பிழைப்புத் தேடி ரங்கூனுக்குக் கப்பலேறிவிட்டார். அங்கே ஒரு மரக்கிடங்கில் கணக்குப்பிள்ளை. அங்கேயே ஒரு பர்மாக்காரப் பெண்ணைக் கட்டிக்கொண்டார். ஒரு மகள். நான் மூவரையும் பார்த்ததே இல்லை. வருடத்துக்கு இரண்டு கடிதம் வரும், இரண்டு கடிதம் போகும். அம்மா சொல்லச் சொல்ல எழுதுகிறவன் நான்.

பர்மாவில் இருந்த நம்மவர்களைக் கப்பல் கப்பலாக அனுப்பிக்கொண்டிருந்த வருடம் அது. மாமாவும் கிளம்பிவிட்டார். வீடு, வாசல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, கையில் கொண்டுவர விட்ட கொஞ்சத்தோடு மெட்ராஸில் வந்து இறங்கியிருப்பதாகவும், அங்கே ஒரு முகாமில் தங்கியிருப்பதாகவும், தீபாவளி கழித்து ஊருக்கு வருவதாகவும் எழுதினார். அம்மா மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. பதில் எழுதச் சொன்னாள்.

"எழுதுடா. அண்ணி ஒண்ணும் கூச்சப்பட வேணாம்னு எழுது. இது அவங்க வூடு. பொண்ணு எம்பொண்ணு. யாரு இன்னா பேசினாலும் நான் பாத்துக்கறன்னு எழுது."

நான் அதைக் கொஞ்சம் இலக்கியமாக்கி, 'தங்கள் வருகையை எங்கள் இல்லமும் உள்ளமும் எதிர்நோக்கியுள்ளன' என்று எழுதினேன். எழுதிவிட்டு நானே இரண்டுமுறை படித்து ரசித்தேன். அம்மாவுக்கு இன்னொரு நினைப்பும் இருந்தது என்பது எனக்குத் தெரியும். மாமன் மகள், முறைப்பெண். அம்மா வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் எனக்கு இரண்டு சட்டை புதிதாகத் தைக்கக் கொடுத்திருந்தாள்.

தீபாவளிக்கு நான்கு நாள் இருந்தது. ஐப்பசி மழை. மத்தியானத்திலிருந்தே பிடித்துக்கொண்டது. சாயங்காலம் ஆறு மணிக்கே நடுராத்திரிபோல இருட்டிவிட்டது. கூட்டம் வராது என்று தெரிந்தாலும் ரிகார்டு போட்டிருந்தார்கள். தகரப் பெட்டியில் மழை அடித்த சத்தத்தில் பாட்டே கேட்கவில்லை. நான் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன்.

ஓட்டை வழியாக ஒரு கை வந்தது. தண்ணீர் சொட்டியது. வெளுப்பான, மெலிந்த கை. வளையல் இல்லை. வளையல் கிடந்த இடத்தில் மட்டும் தோல் இன்னும் வெளுப்பாக இருந்தது. இது எந்த ஊர்க் கை என்று எனக்குப் பிடிபடவில்லை. குனிந்து பார்த்தேன்.

நடுத்தர வயதுப் பெண் ஒருவர். பூப்போட்ட கைலி, வெள்ளைச் சட்டை, உச்சந்தலையில் கொண்டை, இடுங்கிய கண்கள். அவர் பக்கத்தில் அதேபோலக் கைலி கட்டிய இளம்பெண். இவள் நம் ஊர் நிறம்தான். இருவரும் தலையிலிருந்து கால்வரை நனைந்திருந்தார்கள்.

என் மனசில் ஒரு மணி அடித்தது. அது எந்த மணி என்று இப்போது சொல்லவே வாய் கூசுகிறது. 'வெளிநாட்டார் வந்துவிட்டார்கள்' என்ற மணி.

"ரெண்டு தரை டிக்கெட் குடுங்க" என்றாள் இளம்பெண்.

"யாரு யாருக்கு?"

"எனக்கும் எங்கம்மாவுக்கும்."

"உனக்கு நாலணா. அவங்களுக்கு ஒரு ரூபா."

"இன்னாத்துக்கு?"

நான் பென்சிலை ஓட்டைக்கு வெளியே நீட்டி, மேலே இருந்த பலகையைக் காட்டினேன். அவள் மழைத் தண்ணீரைத் துடைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்து, எழுத்துக் கூட்டிப் படித்தாள். 'வெ... ளி... நா...' என்று அவள் ஒவ்வோர் எழுத்தாகச் சேர்க்கச் சேர்க்க, என் கையெழுத்தைப் பற்றி எனக்குப் பெருமையாக இருந்தது.

"எங்கம்மா வெளிநாட்டாரு இல்லியே. எங்க நைனாவோட சம்சாரம்."

"உங்க நைனா எந்த ஊரு?"

"பெருநகர்."

"நீ எங்க பொறந்த?"

உலகத்தில் வேறெந்த டிக்கெட் கிளார்க்கும் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்க மாட்டான். அந்தப் பெண்ணுக்குப் பொய் சொல்லத் தெரியவில்லை.

"ரங்கூன்ல."

"அப்ப உனக்கும் ஒரு ரூபா. மொத்தம் ரெண்டு."

பெருநகர், ரங்கூன் என்று இரண்டு சொல்லும் அடுத்தடுத்துக் காதில் விழுந்தும் உனக்கு உறைக்கவில்லையா என்று நீங்கள் கேட்கலாம். இத்தனை வருடங்களாக எல்லோரும் கேட்டிருக்கிறார்கள். மாமா தீபாவளி கழித்து வருவதாக எழுதியிருந்தார், பெருநகரிலிருந்து ரங்கூனுக்குப் போனவர்கள் பல பேர் என்றெல்லாம் காரணம் சொல்லியிருக்கிறேன். உண்மை அதுவல்ல. கடிதத்தில் 'அத்தை, அத்தை' என்று எழுதும்போது என் மனசில் இருந்த அத்தை, அம்மாவைப் போலவே சேலை கட்டி, அம்மாவைப் போலவே குங்குமம் வைத்திருந்தாள். பர்மாக்காரி என்று தெரியும். ஆனால் பர்மாக்காரியாக நினைத்துப் பார்த்ததில்லை. அதனால் என் அத்தை ஒருத்தி, ஓட்டைக்கு வெளியே நின்ற வெளிநாட்டார் ஒருத்தி. இருவரும் ஒரே ஆளாக இருக்க முடியும் என்று என் எஸ்.எஸ்.எல்.சி. மூளைக்கு எட்டவில்லை.

"எங்க நைனா இப்ப வந்துருவாரு" என்றாள் அந்தப் பெண். "வூட்டத் தேடிக்கினு போயிகீறாரு. நீங்க அவுர கேளுங்க."

"வரட்டும். அவுருக்கு நாலணாதான்."

இதைச் சொல்லிவிட்டு நான் சிரித்தேன். நல்ல ஹாஸ்யம் என்று நினைப்பு.

சவரியப்பன் கோணியைத் தலையில் போட்டுக்கொண்டு வந்தார்.

"தம்பி, பொம்பளைங்க மழையில நின்னுகினு கீறாங்க. சினிமா பாக்கவா வந்தாங்க? ஒதுங்கத்தான வந்தாங்க. சும்மா வுட்டா இன்னா? உள்ள ஆளே இல்ல."

"நீ வாசல் கேட்டப் பாரு, சவரி. ரூல்னா ரூல்."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். தலையில் இருந்த கோணியை எடுத்து அந்தப் பெண்ணிடம் கொடுத்துவிட்டு, நனைந்துகொண்டே வாசலுக்குப் போனார்.

இவ்வளவு நேரமும் அந்த அம்மாள் ஒன்றும் பேசவில்லை. இப்போது இடுப்பில் செருகியிருந்த கைக்குட்டை முடிச்சை எடுத்தார். ஈரத்தில் முடிச்சு இறுகிப்போய் அவிழவில்லை. பல்லால் கடித்து அவிழ்த்தார். இரண்டு ஒற்றை ரூபாய் நோட்டுகள் ஓட்டை வழியாக வந்தன.

"தம்பி, நோட்டு நனைஞ்சி கீது" என்றார். "பரவாயில்லியா?"

சுத்தமான எங்கள் ஊர்த் தமிழ். அந்தக் 'கீது'வை ரங்கூனில் எந்தப் பள்ளிக்கூடத்திலும் சொல்லிக்கொடுக்க மாட்டார்கள். ஒரு வீட்டுக்குள்ளே, ஒரு மனுஷனோடு இருபது வருடம் பேசிப் பேசி வருவது அது. அப்போதாவது நான் எழுந்து வெளியே போயிருக்க வேண்டும்.

"பரவால்ல" என்றேன். ரொம்பப் பெருந்தன்மையாகச் சொன்னதாக ஞாபகம்.

இரண்டு டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, அந்த நோட்டுகளை மேஜைமேல் விரித்து, காற்றில் பறக்காமல் ஒவ்வொன்றின் மேலும் ஒரு கல்லை வைத்தேன். ஒரு ரூபாய் கொடுத்த வெளிநாட்டாருக்கு நாற்காலி உண்டு. பெட்டியின் கதவு வழியாக எட்டிப் பார்த்தபோது, சவரியப்பன் அவர்களை நாற்காலிப் பக்கம் கூட்டிக்கொண்டு போனது தெரிந்தது. அவர்கள் அங்கே உட்காரவில்லை. மணலில் பெண்கள் பக்கமாகப் போய் உட்கார்ந்துகொண்டார்கள்.

படம் ஆரம்பித்துக் கால்மணி நேரம் இருக்கும். ஓட்டை வழியாகக் குனிந்து பார்த்தேன், மழையில் ஒரு குடை வந்தது. குடைக்குள் அம்மா. பக்கத்தில் நரைத்த தலையோடு, வேட்டியை மடித்துக் கட்டிய ஒரு நெட்டை மனிதர். அம்மா குடையை அவர் தலைக்கு மேல் பிடித்திருந்தாள், தான் முழுக்க நனைந்திருந்தாள். சிரித்துக்கொண்டும் அழுதுகொண்டும் இருந்தாள்.

"கோதண்டம், உங்க மாமாடா" என்றாள். "முன்னாடியே வந்துட்டாங்கடா. தெருத் தெருவா வூட்டத் தேடிகீறாரு பாவம். அண்ணியும் பொண்ணும் மழைக்கு இங்க ஒதுங்கிகீறாங்களாம். பாத்தியா நீ?"

மாமா குனிந்து ஓட்டை வழியாக என்னைப் பார்த்தார். முகம் தெரிய வேண்டும் என்று மழையிலும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார்.

"மாப்ளே" என்றார். "எங்க கோதண்டமா? லெட்டர்ல அந்த அழகான எழுத்து உன்னுதுதானா?"

மேஜைமேல் இரண்டு ரூபாயும் கல்லுக்குக் கீழே இருந்தன. அவற்றை மறைக்க வேண்டும் என்று தோன்றியது. கையை நீட்டினேன். கல் உருண்டு கீழே விழுந்தது. குனிந்து எடுக்கப் போனவன் நாற்காலியோடு சாய்ந்தேன். தகரப் பெட்டி முழுக்க அதிர்ந்தது. (முதுகு சாய்கிற நாற்காலியில் அந்த வசதியும் இருந்தது.) நான் தரையில் கிடந்தபோது, சவரியப்பன் உள்ளே போய்ச் சொல்வது காதில் விழுந்தது.

"அம்மா, வாங்கம்மா. உங்க நாத்தனார் வந்துகீறாங்க."

நான் எழுந்து வெளியே வந்தபோது அம்மா அத்தையைக் கட்டிக்கொண்டு நின்றாள். இருவரும் அதற்குமுன் பார்த்துக்கொண்டதே இல்லை. அத்தையின் வெறும் கையைத் தடவித் தடவிப் பார்த்தாள். பிறகு தன் கையிலிருந்த கண்ணாடி வளையலில் பாதியைக் கழற்றி அந்தக் கையில் போட்டாள். நான் கொஞ்சம் தள்ளி நின்றேன். மாமன் மகள் சரோஜா என்னைப் பார்த்தாள். கோபமாக இருந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அளவு எடுக்கிற தையற்காரர்போல, நிதானமாக மேலிருந்து கீழ்வரை பார்த்தாள்.

வீட்டில் அம்மா சோறு போட்டாள். இலையில் வாழைக்காய் வறுவல், அப்பளம், இருக்கிற எல்லாம். பரிமாறிக்கொண்டே பெருமையாகச் சொன்னாள்.

"எம்புள்ள அங்கதான கீறான், டிக்கெட் குடுக்கிற எடத்துல. யாருன்னு தெரியாமலே சும்மா வுட்டிருப்பானே அண்ணி? இளகின மனசு அவனுக்கு."

அத்தை தலையைத் தூக்கவில்லை.

"ஆமா" என்றார். "சும்மாதான் வுட்டாரு. நல்ல புள்ள."

சரோஜா சாப்பிடுவதை நிறுத்தினாள். தன் அம்மாவைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். 'இல்லை, ரெண்டு ரூபா வாங்கினேன்' என்பது நான்கு சொல். நான் அப்பளத்தை உடைத்தேன். அந்தச் சத்தம் இன்றைக்கும் எனக்குக் கேட்கிறது.

மூன்று நாள் அப்படியே போயிற்று. நான் கொட்டகைக்குச் சீக்கிரமே போனேன், தாமதமாக வந்தேன். மாமா மட்டும் என்னை எங்கே பார்த்தாலும் தோளில் தட்டினார். தட்டிய ஒவ்வொரு தட்டும் அடியாகவே விழுந்தது. தீபாவளிக்கு முதல் நாள் மாமாவும் அம்மாவும் கல்யாணப் பேச்சை எடுத்தார்கள். நானும் அங்கே இருந்தேன். புதுச் சட்டை போட்டிருந்தேன்.

"சரோஜா, உனக்கு இஷ்டந்தானம்மா?" என்று மாமா கேட்டார்.

"மொதல்ல எங்க ரெண்டு ரூபாய குடுக்கச் சொல்லுங்க, நைனா" என்றாள் சரோஜா.

யாருக்கும் புரியவில்லை. அவள் எல்லாவற்றையும் சொன்னாள். மழை, பலகை, எங்கே பிறந்தாய் என்ற கேள்வி, அவருக்கு நாலணாதான் என்ற என் ஹாஸ்யம். ஒன்றையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. கடைசியில், நோட்டைக் காயவைத்ததையும் சொன்னாள். ஓட்டை வழியாக அவள் அதையும் பார்த்திருக்கிறாள்.

"எங்கம்மா மழையில நின்னாங்க. இவுரு நோட்டக் காய வச்சாரு" என்றாள்.

அம்மா என்னைத் திட்டவில்லை. திட்டுவாள் என்று காத்திருந்தேன். உள்ளே போய், அரிசிப் பானையில் கைவிட்டு, இரண்டு ரூபாய் எடுத்துவந்து அத்தையின் மடியில் வைத்தாள். பிறகு என்னைப் பார்த்துச் சாதாரணமாகக் கேட்டாள்.

"நானும் பெருநகர்தான்டா கோதண்டம். எங்கிட்ட எவ்ளோ வாங்குவ?"

அத்தை அந்த இரண்டு ரூபாயைத் தொடவில்லை. மடியில் கிடந்தபடியே கிடந்தது.

"வுடுங்கம்மா" என்றார் அம்மாவிடம். "அங்க இவுர வெளிநாட்டாரு, கெளம்புன்னாங்க. முப்பது வருஷமா கீறவர. இங்க என்னியும் அப்டியே சொன்னாங்க. யாருகிட்ட போயி கோவிச்சிக்கறது? தம்பி ஒரு ரூபாயோட வுட்டுச்சி."

மாமா எழுந்து தோட்டத்துப் பக்கம் போனார். வெகுநேரம் திரும்பி வரவில்லை. நான் அத்தையின் காலில் விழுந்தேன். விழுந்தேன் என்பதை எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள். புதுச் சட்டை அழுக்காகாமல் பார்த்து விழுந்தேன் என்று சரோஜா சொல்வாள். அது பொய். (கொஞ்சம் பார்த்திருக்கலாம்.)

தீபாவளி முடிந்ததும் பலகையைக் கழற்றினேன். முதலாளிக்குத் தெரிந்து கூப்பிட்டனுப்பினார்.

"உங்க அத்தைக்காகக் கழட்டின. சரி. நாளைக்கு வெள்ளைக்காரன் வந்தா? அவன் உனக்கு இன்னா மாமனா மச்சானா?"

இதற்கு ஒரு நல்ல பதில் இருக்க வேண்டும். நாற்பது வருடங்களாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். அன்றைக்கு எனக்கு வந்தது ஒன்றுதான்.

"அவுருக்கும் இங்கிலீஷ்ல பன்னண்டணா சொல்லக் கத்துக்கறேங்க" என்றேன்.

முதலாளி நாற்காலியை எடுத்துவிட்டு மறுபடி ஸ்டூலைப் போட்டார். ஆறு மாதத்தில் கூட்டுறவுச் சங்கத்தில் வேலை கிடைத்து நான் போய்விட்டேன். போகிற அன்று சவரியப்பனிடம், "போய்ட்டு வரங்கண்ணே" என்றேன். அவர் கேட்டுக்கொண்டாரா என்று தெரியவில்லை. யாருக்கோ டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தார்.

கல்யாணப் பேச்சை யாரும் மறுபடி எடுக்கவில்லை. மாமா பெருநகரிலேயே, பங்காளிகளோடு மல்லுக்கட்டிப் பாதி வீட்டை வாங்கிக்கொண்டு குடியேறினார். சரோஜா தையல் பரீட்சை எழுதி, செங்கல்பட்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சரானாள். அங்கேயே ஒரு வாத்தியாரைக் கட்டிக்கொண்டாள். எனக்கு ஐயங்கார்குளத்தில் பெண் எடுத்தார்கள். என் மனைவிக்குத் தாலி கட்டின அன்றே, மணவறைப் பக்கத்திலேயே நின்று சரோஜா கதை முழுவதையும் சொல்லிவிட்டாள். கல்யாண போட்டோவில் என் மனைவி வாய்விட்டுச் சிரிக்கிறாள், நான் தரையைப் பார்க்கிறேன். வெட்கப்படுகிற மாப்பிள்ளை என்று தெரியாதவர்கள் பாராட்டுவார்கள்.

கதை இப்போது எங்கள் குடும்பத்தில் நன்றாக வளர்ந்துவிட்டது. ரூபாய் இரண்டிலிருந்து ஐந்தாகிவிட்டது. மழை புயலாகிவிட்டது. நாற்காலியோடு நான் விழுந்த இடத்தில் எல்லோரும் சிரிப்பார்கள். அத்தை இருந்தவரை, அவர் மட்டும் ஒப்புக்கொள்ளவே இல்லை. "யாரு சொன்னா? சும்மாதான் வுட்டாரு" என்பார். அதற்கு எல்லோரும் இன்னும் பெரிதாகச் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். நெஞ்சு மட்டும் ஒவ்வொரு முறையும் அப்பளம்போல நொறுங்கும்.

சரோஜாவுக்கு மூன்று பிள்ளைகள். இப்போது பேரப்பிள்ளைகளும் வந்துவிட்டார்கள். அவர்கள் எங்கள் வீட்டுக்கு வந்தால் நேராக உள்ளே வர மாட்டார்கள். வாசலிலேயே வரிசையாக நின்றுகொண்டு, ஜன்னல் கம்பி வழியாகக் கையை மட்டும் நீட்டுவார்கள்.

"தாத்தா, உள்ள வர எவ்ளோ?"

என் மனைவி சமையலறையிலிருந்தே சிரிக்க ஆரம்பித்துவிடுவாள். நான் எவ்வளவு வேலையாக இருந்தாலும், முட்டி வலி எவ்வளவு இருந்தாலும், வேறு யாரையும் போகவிடாமல் நானே எழுந்துபோய்க் கதவைத் திறந்துவிடுவேன்.